மிளகாய் காட்டிக் கொடுத்த சென்சார்



டிரான்ஸ்டியூசர் என்றால் என்ன? வைவாவில் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியவர் நம் டிபார்ட்மென்ட்டில் யாரும் இருக்க முடியாது. "ஒரு வகை ஆற்றலை இன்னொரு வகை ஆற்றலாக மாற்றும் சாதனம் சார்" என்று ஒப்பித்துவிட்டு, தெர்மோகப்புள், தெர்மிஸ்டர், ஸ்ட்ரெய்ன் கேஜ் என்று மூன்று உதாரணம் சொன்னால் போதும், எக்ஸ்டர்னல் அடுத்த ரோல் நம்பரைக் கூப்பிட்டுவிடுவார். நாலாவது உதாரணமாக "என் விரல் நுனி சார்" என்று சொல்லிப் பாருங்கள். மார்க் போடுவாரா, வெளியே அனுப்புவாரா என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஆனால் விடை என்னவோ சரிதான்!

சூடான சட்டியைத் தொட்ட மாத்திரத்தில் கை பின்னால் வருகிறது. தோலுக்கடியில் இருக்கும் நரம்பு முனையில் வெப்பம் மின் சிக்னலாக மாறி, தண்டுவடத்துக்குப் போய், உத்தரவு திரும்பி வந்து தசை இழுக்கிறது. வயரிங் எப்படி என்பது ரொம்ப காலமாகவே தெரியும். ஆனால் வயரின் நுனியில் உட்கார்ந்திருக்கும் அந்த சென்சார் எது, எந்தப் பொருளால் ஆனது என்பது 1997 வரை உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நிலாவுக்கு மனிதன் போய்வந்து இருபத்தெட்டு வருஷம் ஆன பிறகும், சுட்டால் ஏன் சுடுகிறது என்ற கேள்விக்கு முதல் வரியே எழுதப்படவில்லை என்றால் பாருங்கள். அந்த முதல் வரியை எழுதியவர் டேவிட் ஜூலியஸ். 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவருக்கும் ஆர்டம் பட்டாபூட்டியன் என்பவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. 'உயிரியல் சமாச்சாரம் நமக்கெதுக்குப்பா' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த மனிதர் செய்த வேலையை ஒரு நல்ல ஃபால்ட் ஃபைண்டிங் பிராக்டிகல் என்றே நான் சொல்வேன்.

ஜூலியஸ் பிறந்தது 1955-இல், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், பிரைட்டன் பீச் என்ற கடலோரப் பேட்டையில். ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். உள்ளூர் அரசுப் பள்ளியில்தான் படித்தார். அங்கே இயற்பியல் எடுத்த ஆசிரியர் முன்னாள் பேஸ்பால் ஆட்டக்காரர். பந்து போகும் பாதையை எப்படிக் கணக்குப் போடுவது என்று அவர் சொல்லிக் கொடுத்ததுதான் தன்னை அறிவியல் பக்கம் இழுத்தது என்று ஜூலியஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து எம்.ஐ.டி. குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மாசாசூசெட்ஸில் இருப்பது! 1977-இல் பட்டம். பிறகு பெர்க்லியில் 1984-இல் டாக்டர் பட்டம்.

பெர்க்லியில் அவர் ஆராய்ந்தது வலியையோ நரம்பையோ அல்ல. ரொட்டி உப்பப் போடுவோமே, அந்த ஈஸ்ட்! ஈஸ்ட் செல் தன் ஜோடிக்கு விடும் ஒரு ரசாயனத் தூது, முதலில் நீளமான புரதமாக உருவாகி, பிறகு துண்டு துண்டாக வெட்டப்பட்டு வெளியே போகிறது. வெட்டும் கத்திரிக்கோல் எது என்று கண்டுபிடித்தவர்களில் ஜூலியஸும் ஒருவர். அந்தக் கத்திரிக்கோலின் உறவுக்கார நொதிகள்தான் நம் கணையத்தில் இன்சுலினை வெட்டித் தயார் செய்கின்றன என்பது பிற்பாடு தெரியவந்தது. ஈஸ்ட்டை ஆராய்வதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்று கேட்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். அவருடைய இரண்டு வழிகாட்டிகளில் ஒருவரான ரேண்டி ஷெக்மன் 2013-இல் நோபல் வாங்கினார். அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யாரிடம் சேர்ந்தாரோ, அந்த ரிச்சர்ட் ஆக்ஸல் 2004-இல் நோபல் வாங்கினார். வாத்தியார் ராசி என்று ஒன்று உண்டு போலிருக்கிறது.

கொலம்பியாவில்தான் அவர் கைக்கு ஒரு வித்தை படிந்தது. மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களில் ஒன்றின் மரபணுவை 1988-இல் பிரித்தெடுத்தார். அதற்கு அவர் போன வழி: மூளை செல்லின் மரபுச் செய்திகளை எடுத்துத் தவளை முட்டைக்குள் செலுத்து, பிறகு செரட்டோனினைக் காட்டு, எந்த முட்டையில் மின்னோட்டம் எழுகிறதோ அதில் நாம் தேடும் சரக்கு இருக்கிறது. பொருள் எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டாலும், அது என்ன வேலை செய்யும் என்று தெரிந்தால் போதும், அதைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த ஒரு யோசனையை அவர் கடைசி வரை விடவில்லை. 1989-இல் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அதன் பிறகு வேறு எங்கும் போகவில்லை.

இப்போது மிளகாய்க்கு வருவோம்.

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற ஒரே ஒரு வகைப் பொருளும் அதன் நெருங்கிய சொந்தங்களும்தான். ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர் யாஞ்சோ மிக்லோஷும் அவர் வழி வந்தவர்களும் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒன்றைக் கவனித்திருந்தார்கள். கேப்சைசின் எல்லா நரம்பையும் சீண்டுவதில்லை; வலியைச் சொல்லும் நரம்புகளை மட்டும் தேடிப் போய்ச் சீண்டுகிறது. மேலும் மேலும் கொடுத்தால் அந்த நரம்புகள் ஓய்ந்துபோய்விடுகின்றன. அப்படியானால் அந்த நரம்பில் மட்டும் கேப்சைசின் பொருந்துகிற ஒரு பூட்டு இருக்க வேண்டும். 'பூட்டெல்லாம் ஒன்றும் இல்லை, கேப்சைசின் செல்லின் மேல்சவ்வைக் கலக்கிவிடுகிறது, அவ்வளவுதான்' என்று வாதிட்டவர்களும் உண்டு. பலர் தேடினார்கள், அகப்படவில்லை.

ஜூலியஸுக்கும் இது வெகுநாள் மனதில் இருந்த கேள்வி. ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் மிளகாய் சாஸ் பாட்டில்கள் வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்த்து, இதை எப்படியாவது கண்டுபிடித்தாக வேண்டும் என்று மனைவியிடம் சொன்னாராம். மனைவி ஹோலி இங்கிரஹாமும் அதே பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி. அப்படியென்றால் வேலையை ஆரம்பிக்க வேண்டியதுதானே என்றாராம். நம் வீடாக இருந்தால் "முதல்ல உப்பு, பருப்பு வாங்குங்க" என்றிருப்பார்கள்!

தேடிய விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், இதுதான் நமக்கு வேண்டிய பாடம். முதுகெலும்பின் ஓரத்தில் வலி நரம்புகளின் செல்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. எலியின் அந்தச் செல்களில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றனவோ அவற்றின் நகல்களை டி.என்.ஏ. துண்டுகளாக எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் எங்கோ ஒன்றுதான் கேப்சைசின் பூட்டு. அந்தத் துண்டுகளைத் தொகுப்புக்கு ஏறக்குறைய 16,000 வீதம் பிரித்து, மிளகாய்க்கு எந்தச் சலனமும் காட்டாத சாதாரண செல்களுக்குள் செலுத்தினார்கள். ஃபியூரா-2 என்றொரு சாயம் உண்டு. செல்லுக்குள் கால்சியம் நுழைந்தால் அதன் ஒளிர்வு மாறும். அதையும் ஏற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, கேப்சைசினை ஊற்ற வேண்டியது. ஒளிர்வு மாறவில்லையா? அடுத்த தொகுப்பு. மறுபடியும் இல்லையா? அதற்கடுத்தது. இப்படிப் பார்த்துக்கொண்டே போனதில் ஒரு தொகுப்பில் மட்டும் சில செல்கள் மினுங்கின!

இனி என்ன செய்வீர்கள்? நீளமான சர்க்யூட்டில் எங்கோ ஃபால்ட் என்றால் நடுவில் மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்போம் அல்லவா? இந்தப் பாதியா, அந்தப் பாதியா என்று பார்த்து, அந்தப் பாதியை மறுபடியும் பாதியாக்குவோம். அதே சங்கதிதான். 16,000-ஐப் பாதி பாதியாக்கிக்கொண்டே போனால் பதினான்கு தடவையில் ஒன்றுக்கு வந்துவிடலாம். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். அவர்களும் மினுங்கிய தொகுப்பைச் சின்னச் சின்னத் தொகுப்புகளாக்கி, மினுங்குவதை மறுபடியும் பிரித்து, கடைசியில் ஒரே ஒரு மரபணுவில் வந்து நின்றார்கள். வேலையை முன்நின்று செய்தவர் மைக்கேல் காட்டரினா என்ற இளம் மருத்துவ விஞ்ஞானி. 1997 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. 838 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். இன்று அதன் பெயர் டி.ஆர்.பி.வி.1. செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு கதவு அது. திறந்தால் சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும், வோல்டேஜ் மாறும், நரம்பில் சிக்னல் கிளம்பும்.

இதோடு விட்டிருந்தால் 'மிளகாயின் பூட்டைக் கண்டுபிடித்தவர்' என்ற பெயரோடு போயிருக்கும். அவர்கள் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். மிளகாயே இல்லாமல், செல்லைச் சுற்றியிருந்த திரவத்தைச் சூடாக்கினார்கள். ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கதவு தானாகத் திறந்தது! நமக்குச் சூடு வலியாக மாறுவதும் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான். தேடப் போனது மிளகாயின் பூட்டை. கிடைத்தது உடம்பின் தெர்மோஸ்டாட் சுவிட்ச்.

தமிழில் சூடு வேறு, காரம் வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம். ஆனால் வினைச்சொல்லைக் கவனியுங்கள். வெந்நீர் பட்டாலும் 'எரியுது', ஆந்திரா ஊறுகாய் பட்டாலும் 'எரியுது'! நரம்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. மிளகாய் தின்னும்போது நாக்கில் ஒரு டிகிரி சூடு கூட ஏறுவதில்லை. தெர்மிஸ்டரின் இரண்டு முனைகளையும் ஷார்ட் செய்தது போல மீட்டர் பொய்யாக எகிறுகிறது. மிளகிலுள்ள பைப்பரினும் இதே கதவைத்தான் தட்டுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த புதுக் காய்க்கு மிளகின் பெயரையே ஒட்டி 'மிளகு காய்' என்று பெயர் வைத்தார்களே நம் முன்னோர், அவர்கள் நாக்கு தப்பாகச் சொல்லவில்லை. இன்னொன்று, காரம் தாங்காமல் தண்ணீர் குடிப்பதில் பயன் குறைவு. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். மெஸ்ஸில் மோர் வாங்கிக் குடியுங்கள், அதுவும் மோராக இருந்தால்!

கிளி மிளகாயைக் கொறிக்கிறதே, அதற்கு எரியாதா என்று சின்ன வயதில் கேட்டிருப்போம். 2002-இல் ஜூலியஸின் ஆய்வகம் கோழியின் கதவை எடுத்துச் சோதித்தது. சூட்டுக்குத் திறக்கிறது, கேப்சைசினுக்கு அசையவே இல்லை. பறவைக்கு எரிச்சல் இல்லை. அது தின்று விதையைத் தூரத்தில் போடுகிறது. எலிகளுக்கு எரிகிறது, அவை விதையைக் கடித்துப் பாழாக்காமல் ஒதுங்குகின்றன. மிளகாய்ச் செடி ரொம்ப விவரமானது.

அதே 2002-இல் புதினாவில் இருக்கும் மென்தாலைக் கொண்டு குளிர்ச்சியின் சென்சாரைக் கண்டுபிடித்தார். பட்டாபூட்டியனும் தனியாக அதே சென்சாரைக் கண்டுபிடித்திருந்தார். இந்தப் பட்டாபூட்டியன் பெய்ரூட்டில் பிறந்த ஆர்மீனியர். உள்நாட்டுப் போருக்குத் தப்பி 1986-இல் அமெரிக்கா வந்து, பீட்சா கொண்டுபோய்க் கொடுத்தும், ஆர்மீனியப் பத்திரிகை ஒன்றுக்கு வார ராசிபலன் எழுதியும் காலம் தள்ளியவர். தொடு உணர்வின் சென்சாரைத் தேடி, அவர் குழு 72 மரபணுக்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தது. 71 வரை ஒன்றுமில்லை. 72-ஆவதில் கிடைத்தது. 71-இல் நிறுத்தியிருந்தால்? யோசிக்கவே பயமாக இருக்கிறது.

நான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்ததற்குக் காரணம் பரிசு அல்ல. என் அப்பா வெல்டர். பத்து வருஷமாகச் சர்க்கரை. ராத்திரியானால் இரண்டு பாதமும் எரிகிறது என்று ஈரத்துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதே பாதத்தில்தான் ஒரு நாள் பட்டறையில் ஷூவுக்குள் சூடான இரும்புப் பொறி விழுந்து, சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்வரை அவருக்குத் தெரியவே இல்லை. கொப்புளம் உடைந்து புண்ணாகி, ஆற மூன்று மாதம் ஆயிற்று. "நெருப்பு பட்டா தெரியல, நெருப்பே இல்லாதப்ப எரியுது. இது என்னடா கணக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பாதிப் பதில் ஜூலியஸின் வேலையில் இருக்கிறது. 43 டிகிரி என்பது நிலையான செட் பாயின்ட் அல்ல. காயமோ வீக்கமோ ஏற்பட்ட இடத்தில் அமிலத்தன்மை கூடுகிறது, வேறு பல ரசாயனங்களும் சுரக்கின்றன. அவை இந்தக் கதவின் அளவைக் கீழே இறக்கிவிடுகின்றன. அப்போது உடம்பின் சாதாரண 37 டிகிரியே அலாரம் அடிக்கப் போதும். வெயிலில் கன்றிய தோலில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால் துள்ளுகிறோமே, அது இதனால்தான். 2000-ஆம் ஆண்டில் இந்த மரபணு இல்லாத எலிகளை வைத்துச் சோதித்தார்கள். வீக்கம் வந்த பிறகும் அந்த எலிகளுக்குச் சூட்டுக் கூச்சம் கூடவில்லை. சாதாரணச் சூட்டு வலி மட்டும் முழுக்கப் போய்விடவில்லை, குறைந்தது. ஏனென்றால் உடம்பு ஒரே சென்சாரை நம்பி இருப்பதில்லை. 2018-இல் பெல்ஜியத்தில் செய்த ஆய்வில், மூன்று வெவ்வேறு கதவுகளையும் சேர்த்து எடுத்த பிறகுதான் எலிகள் கடும் சூட்டுக்குக் காலை இழுக்காமல் இருந்தன. பாய்லருக்கு ஒன்றுக்கு இரண்டாக சேஃப்டி வால்வு வைக்கிற புத்தி!

மீதிப் பதில் வயரில் இருக்கிறது. சர்க்கரை நோய் நீளமான நரம்புகளை முதலில் தின்கிறது. உடம்பிலேயே நீளமானவை பாதத்துக்குப் போகிறவை. செத்த நரம்பு எதையும் சொல்லாது, அதனால் மரப்பு. அரைகுறையாகப் பழுதான நரம்பு காரணமில்லாமல் தானே சிக்னல் அனுப்பும், அதனால் எரிச்சல். ஒரே கேபிளில் சில கோர் கட், சில கோர் லீக். அப்பாவுக்கு இப்படிச் சொன்னபோது உடனே புரிந்துகொண்டார்.

சரி, சென்சார் தெரிந்துவிட்டதே, அதை அடைத்துவிட்டால் வலி தீர்ந்ததா? மருந்துக் கம்பெனிகளும் அப்படித்தான் நினைத்தன. 2000-க்குப் பிறகு போட்டி போட்டுக்கொண்டு இந்தக் கதவை அடைக்கும் மாத்திரைகள் செய்தார்கள். ஒரு மருந்தைப் பல் பிடுங்கியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்கு உடல் வெப்பம் 40 டிகிரி வரை ஏறிவிட்டது. இந்தக் கதவு வலிக்கு மட்டுமல்ல, உடம்பின் வெப்பக் கட்டுப்பாட்டுக்கும் கம்பி இழுத்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வேறு சில மருந்துகளில் காய்ச்சல் பிரச்சினை குறைவு. ஆனால் சாப்பிட்டவர்களுக்குக் கொதிக்கிற நீரின் சூடு சரியாகத் தெரியவில்லை. வாய் வெந்து போகும், கை வெந்து போகும். முயற்சிகள் ஒவ்வொன்றாக நின்றன.

வலியே இல்லாமல் இருப்பது வரம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பாகிஸ்தானின் வட பகுதியில் ஒரு சிறுவன் தெருவில் கத்தியைக் கையில் குத்திக்கொண்டும் தீக்கங்கில் நடந்தும் வித்தை காட்டி வந்தான். அவனுக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. விஞ்ஞானிகள் நேரில் பார்ப்பதற்கு முன்பே, 14 வயது நிறைவதற்குள், கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவினர்களை ஆராய்ந்து, வலி நரம்பில் சிக்னலைக் கடத்தும் ஒரு சோடியம் கதவு பழுதாகியிருந்ததைக் கேம்பிரிட்ஜ் குழுவினர் 2006-இல் வெளியிட்டார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சோடியம் கதவை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புதிதாக வந்த காயம், அறுவை சிகிச்சை போன்ற வலிகளுக்கானது அது. சென்சாரைத் தொடாமல், சென்சாரிலிருந்து போகும் வயரில் கை வைக்கிற வழி.

ஜூலியஸ் இதற்கிடையில் தன் வழியில் போய்க்கொண்டே இருந்தார். 2013-இல் சக பேராசிரியர் யிஃபான் செங்குடன் சேர்ந்து, உறைய வைத்த புரதத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பல்லாயிரம் படம் எடுத்து, அந்தக் கதவின் வடிவத்தை அணு அணுவாகச் சொல்லும் அளவுக்கு வரைந்து காட்டினார். ஒரே மாதிரியான நான்கு துண்டுகள், நடுவில் ஒரு துளை. சிலந்தி விஷம், பாம்பு விஷம், பூண்டு, கடுகு என்று எரிச்சல் தரும் எதையும் அவர் விட்டு வைக்கவில்லை. செடியும் பூச்சியும் கோடிக்கணக்கான வருஷமாகத் தீட்டி வைத்திருக்கும் சாவிகள் அவை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டைத் தேடுவது அவர் பாணி.

இத்தனைக்கும் நடுவே ஒரு வேடிக்கை. கதவை அடைக்கப் போனவர்கள் திணறிக்கொண்டிருக்க, கதவை அளவுக்கு மீறித் தட்டி நரம்பு முனையையே ஓய வைப்பது என்ற அந்த ஹங்கேரியாவின் பழைய வழி பலித்தது. 8 சதவீதம் கேப்சைசின் கொண்ட ஒட்டுப் பட்டைக்கு, அக்கிக்குப் பின் வரும் நரம்பு வலிக்காக 2009-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சர்க்கரை நோயால் வரும் பாத வலிக்கு 2020-இல். மருத்துவர் மேற்பார்வையில்தான் ஒட்டுவார்கள். சமையலறை மிளகாய்ப் பொடியை யாரும் காலில் பூசிவிட வேண்டாம், புண்ணாகிவிடும். பட்டை எரிச்சலைத் தணிக்கும். மரத்துப்போன நரம்பைத் திருப்பிக் கொண்டுவராது.

இதை அப்பாவிடம் சொன்னேன். "கால் எரியுதுன்னு சொன்னா மிளகாய வைக்கச் சொல்றியாடா?" என்று சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்ப, நீயும் வந்து இதைக் கேளு" என்றார். இப்போதெல்லாம் பட்டறையிலிருந்து வந்ததும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டுகிறார். பாதத்தின் அடியை அவரால் குனிந்து பார்க்க முடியாது. ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பிடிப்பேன். டார்ச் அடித்து அவர் பார்த்துக்கொள்வார்.